பார்க்காமலே பார்த்தது

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் இருபது வருடம் குப்பை கொட்டியவர் அவர். ஆபரேஷன் தியேட்டரில் அவருக்குப் பெயர் மேப்காரர். வயிற்றைக் கிழிக்காமல், தொடை இடுக்கில் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே செய்யும் சிகிச்சைக்கு அவருடைய திரைதான் வழிகாட்டி. முன்பே எடுத்த ஸ்கேனை நேரடி எக்ஸ்ரே மேல் பொருத்தி, எந்தக் குழாய் எங்கே பிரிகிறது என்று கோடு போட்டுக் காட்டுவார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, தலைக்குள் சரக்கும் இருந்தது.

விறைப்பான கம்பி உள்ளே போனதும் குழாய் நிமிர்ந்து இடம் மாறிவிடும். கோடு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். எக்ஸ்ரேயில் குழாய் தெரிவதற்காகக் கொஞ்சம் சாயம் செலுத்திப் பார்த்து மறுபடி பொருத்த வேண்டும். இது அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

அன்று படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வீங்கி, எப்போது வெடிக்குமோ என்ற நிலை. வேலை செய்கிற சிறுநீரகம் ஒன்றே ஒன்று. அதற்குச் சாயம் அதிகம் ஆகாது. கம்பி உள்ளே போன நேரத்தில் மேப்காரர் திரையைப் பார்க்கவில்லை. போன மாதம் தான் போட்ட கோட்டை நம்பி ஒருவர் பிழைத்த கதையை நர்ஸிடம் அளந்துகொண்டிருந்தார். வீங்கிய இடத்துக்குள் தாங்கலாக வைக்கும் உறைக்குழாயை விரிக்கும் முன், சாயம் விட்டு ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று சர்ஜன் கேட்டார்.

"வேண்டாம் சார். எதுவும் நகரலை, நான் பாத்துட்டேன்."

உறை விரிந்தது. அப்புறம் சாயம் விட்டுப் பார்த்தால், சிறுநீரகத்துக்குப் பிரியும் குழாயின் வாயை அந்த உறை முக்கால்வாசி மூடிக் கிடந்தது. சர்ஜன் ஒரு வார்த்தை திட்டவில்லை. முக்கால் மணி நேரம் போராடி, அந்த வாய்க்குள் சின்னக் குழாய் ஒன்றை நுழைத்துத் திறந்தார். சிறுநீரகம் தேறுமா என்பது இரண்டு நாள் போனால்தான் தெரியும்.

வெளியே காத்திருந்த டிரைவரின் மனைவியிடம், தன் கணக்கு சில மில்லிமீட்டர் தப்பிவிட்டது என்று சொல்லிப் பழியைச் சர்ஜனே ஏற்றுக்கொண்டு போனார். பின்னால் நின்ற மேப்காரர் கூனிக் குறுகிப் போனார். அந்த அம்மா அவரிடம் வந்து, இத்தனை நேரம் நின்று பாடுபட்டதற்கு நன்றி சொன்னபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"டாக்டர் மேல தப்பு இல்லம்மா. பாக்காமலே பாத்துட்டேன்னு நான்தான் சொன்னேன்."

அந்த அம்மா சத்தம் போடாமல் கேட்டார்.

"அவருக்கு இருக்கிறது ஒண்ணுதான்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார்.

"தெரியும்மா" என்றார்.