முழங்கால் தண்ணிப் பாட்டு

அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருக்கலாம். கேசட்டுகள் வந்த புதிதில், கும்பகோணம் பக்கம் எங்கே மைக்செட் கட்டினாலும் அதைப் போட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவும் பாக்கியில்லை. பாடியது மூன்று பெண்கள். முன்குரல் என் அண்ணி. பின்குரல் அக்காவும் நானும். கேட்டவர்கள் எல்லோரும் அதைக் காதல் பாட்டு என்றே நினைத்தார்கள். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடுவதற்குத் தோதான பாட்டு. அது என் அண்ணன் செத்ததைப் பற்றிய பாட்டு.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில். ஊர் ஒருபக்கம், எங்கள் காலனி ஒருபக்கம், நடுவில் வாய்க்கால். சுற்றியிருந்த நஞ்சை முழுவதும் ஒரே குடும்பத்தின் பண்ணை. உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அந்த நிலம் மாமன் பேருக்கும் மச்சான் பேருக்கும் சாமி பேருக்கும் போனதே தவிர, எங்கள் பக்கம் ஒரு குழிகூட வரவில்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் சுவரில் சின்னத்தை அழித்துப் புதுச்சின்னம் வரைவார்கள். சுண்ணாம்பு அடிக்கப் போவது எங்கள் ஆட்கள்தான்.

அந்த வருஷம் சம்பா நன்றாக விளைந்திருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுவடைக்கு இறங்குவோம் என்று காலனியில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பண்ணையார் வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். அவர்களை மறிக்க வரப்பில் போய் நின்றவர்களில் அண்ணனும் ஒருவன். போலீஸ் வேன் வந்தது. அடி விழுந்ததும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள், அண்ணனைத் தவிர.

காலையில் மதகுக்குக் கீழே வாய்க்காலில் குப்புறக் கிடந்தான். தை மாதம், தண்ணீர் வடிந்துகொண்டிருந்த நேரம். இறங்கித் தூக்கியவர்களுக்கு அது முழங்காலைத்தான் தொட்டது.

குடித்துவிட்டு விழுந்து மூழ்கிப் போனான் என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். அண்ணன் குடிப்பான், மறைப்பதற்கில்லை. அது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. ஆனால் ஐப்பசி வெள்ளத்தில் குடமுருட்டியை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திப் போய், அடித்துக்கொண்டு போன மாட்டைப் பிடித்து வந்தவன் அவன். பண்ணையாரின் மூத்த மகன் அன்று சாயங்காலம் நான்கைந்து பேரோடு மதகுப் பக்கம் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்ல அவர்களில் ஒருவரும் முன்வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அண்ணி அழவில்லை. மடியில் பால்குடிக் குழந்தையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாரடிக்க வந்த பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினார்கள். அவள் கண் சுவரிலேயே இருந்தது. இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அக்கா என் காதில் சொன்னாள்.

பண்ணையில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வேலை இல்லை என்றாகிவிட்டது. ஆவணியில் நாற்று நட, தள்ளியிருந்த வேறொரு ஊருக்கு மூவரும் நடந்து போனோம். முன்பெல்லாம் நடவில் பாட்டு எடுத்துக் கொடுப்பது அண்ணிதான். அவள் குரல் கனமானது, கொஞ்சம் கரகரப்பானது, வயலின் மறுகோடி வரை போகும். அன்று யாரும் அவளைப் பாடச் சொல்லவில்லை. குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தவள், தண்ணீரிலிருந்து காலை எடுத்து வைத்த வேகத்திலேயே ஆரம்பித்தாள்.

முழங்காலுத் தண்ணியில முங்கிப் போவானா
மூணு ஆறு நீஞ்சுனவன் முங்கிப் போவானா

எனக்குக் கை நின்றுவிட்டது. பக்கத்தில் அக்காவின் மூச்சு கேட்டது. அண்ணி மறுபடியும் அதே வரிகளைப் பாடினாள். அப்போது அக்கா, யாரும் சொல்லாமலே, "இல்லடி இல்ல" என்று எடுத்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். மூன்றாவது முறை வரிசை முழுவதும் சொன்னது. அந்த வயலில் எங்களைத் தெரியாத பெண்களும் இருந்தார்கள். என்ன நடந்தது என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவர்களுக்குப் புரிந்தது. வரப்பில் நின்ற மேஸ்திரி, "பாட்டு போதும், நாத்த நடுங்க" என்று கத்தினார்.

வயலுக்கு வயல் அந்தப் பாட்டு போயிற்று. அடுத்த வருஷ நடவில், நாங்கள் போகாத ஊர்களிலும் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.

வலங்கைமானில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். ஒரு கோயில் விசேஷத்துக்கு வயலோரத்து மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்ட ஏறியவர், மேலே இருந்தபடியே நாங்கள் பாடியதைக் கேட்டிருக்கிறார். இறங்கி நேராக எங்களிடம் வந்தார்.

"யாரும்மா முன்னாடி பாடுனது?"

அண்ணி கையில் சேற்றோடு நிமிர்ந்தாள்.

"தஞ்சாவூர்ல எனக்குத் தெரிஞ்சவர் கேசட் போடுறார். மூணு பேரும் வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"கேசட் போட்டா எல்லாரும் கேப்பாங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"பஸ்ஸுல கேப்பாங்க, டீக்கடையில கேப்பாங்க. ஏன், ஸ்டேஷன்ல கூடக் கேப்பாங்க."

கடைசியாகச் சொன்னதை அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அதற்காகத்தான் அண்ணி சம்மதித்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தஞ்சாவூரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. சுவரெல்லாம் சாக்கு வைத்து ஆணி அடித்திருந்தார்கள். மின்விசிறி ஓடினால் சத்தம் பதிந்துவிடும் என்று நிறுத்திவிட்டார்கள். ஆர்மோனியம் வாசிக்க ஒருவர், டோலக்குக்கு ஒருவர். குழந்தை அழுததால் மைக்செட்காரரே அவனைத் தூக்கிக்கொண்டு கீழே பாத்திரக் கடைக்குப் போய்விட்டார். பதிவு செய்கிறவர் வெள்ளை வேட்டி கட்டிய நடுத்தர வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். ஒருமுறை முழுவதும் பாடச் சொல்லிக் கேட்டார்.

"இது நெசமா நடந்ததாம்மா?"

"என் புருசன்" என்றாள் அண்ணி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத இப்படியே போட்டா எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டான். போலீசு இங்கதான் வரும். நான் புள்ளகுட்டிக்காரன். ஒண்ணே ஒண்ணு மாத்துங்க. 'போவானா' வேணாம். 'போவேனா'ன்னு பாடுங்க. ஒரு எழுத்துதான். அவன் முங்குனதா இருக்க வேணாம். ஆசையில நீங்க முங்குறதா இருக்கட்டும். வேகமாவும் பாடணும்."

அக்காவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "வாங்க அண்ணி, போவோம்" என்று எழுந்தாள். அண்ணி எழுந்திருக்கவில்லை. சாக்கு அடித்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கிடந்த அன்று பார்த்த அதே பார்வை.

பிறகு சொன்னாள். "பாட்டு போவட்டும் புள்ள. வயல்ல பாடுனா வரப்பு வரைக்குந்தான் போவுது."

இரண்டாவது வரியை அவரே அங்கேயே எழுதிக் கொடுத்தார். முகத்தைப் பார்த்த பிறகு மீண்டு போவேனா என்று வரும். டோலக் ஆரம்பித்தது. ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. வயலில் பாடும்போது ஒரு சத்தம் வருமே, அது இல்லை என்றார். என்ன சத்தம் என்று யோசித்து, கீழே கடையிலிருந்து ஒரு அகலமான அலுமினியப் பாத்திரத்தை வரவழைத்தார். அதில் தண்ணீர் ஊற்றி என்னை உள்ளே நிற்கச் சொன்னார். தாளத்துக்குக் காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். மைக்கை என் காலடியில் வைத்தார்கள். அந்தக் கேசட்டில் முதலில் கேட்பது என் கால் சத்தம். ஜனங்கள் அதற்குத்தான் முதலில் விசில் அடித்தார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நின்றபோது, மதகடியில் இறங்கியவர்கள் அண்ணனைப் புரட்டிப் போட்ட சத்தம் என் காதில் இருந்தது. ஆனாலும் தாளம் தப்பவில்லை.

அண்ணி பாடினாள். 'போவேனா' என்று பாடினாள், சிரித்த முகமாகப் பாடச் சொன்னபோது சிரித்துக்கொண்டும் பாடினாள். ஒரு லாரி ஹாரன் கெடுத்தது, ஒருமுறை கரண்ட் போயிற்று. கடைசியாகப் பதிந்ததில், முடிகிற இடத்தில் மட்டும் அவள் வாயிலிருந்து 'போவானா' என்றே வந்தது. தெரிந்து பாடினாளா, பழக்கத்தில் வந்ததா, எனக்குத் தெரியாது. பதிவு செய்தவர் அதைக் கவனித்தார். எங்களைப் பார்த்தார். "சரி, இதுவே இருக்கட்டும்" என்று மிஷினை நிறுத்தினார்.

பொங்கலுக்குள் பாட்டு எல்லா இடத்திலும் வந்துவிட்டது. அட்டையில் எங்கள் மூவர் படமும் இல்லை. குடத்தோடு நிற்கிற யாரோ ஒரு அழகான பெண். நாங்கள் பழையபடி நடவுக்கும் களையெடுப்புக்கும் போனோம். திருவையாற்றுப் பஸ்ஸில் ஒருமுறை, கேசட்டில் எங்கள் குரலைக் கேட்டபடியே எங்கள் மூவரையும் கண்டக்டர் பின்னால் நகரச் சொன்னார். காலேஜ் பையன்கள் இரண்டு பேர் கம்பியில் தாளம் போட்டார்கள். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் மாறிய அந்த ஒரு எழுத்தை யாராவது கவனிக்கிறார்களா என்று அவள் ஒவ்வொரு இடத்திலும் காத்திருந்தது எனக்குத் தெரியும். பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது கேட்பவர் முகத்தைப் பார்ப்பாள். யாரும் கவனிக்கவில்லை.

பங்குனியில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு மைக்செட்காரர்தான் ஒலிபெருக்கி கட்டினார். பாடியது இந்த ஊர்ப் பெண்கள் என்று அவர் பெருமையாகச் சொல்லப்போக, மேடையேறிப் பாடச் சொல்லி ஊரிலிருந்து ஆள் வந்தது. காலனிப் பெண்களை அந்த மேடைக்கு அழைத்தது அதுதான் முதல்தடவை. பொழுது சாய்கிற நேரம். முன்வரிசை நாற்காலியில் பண்ணையார். பக்கத்தில் மூத்த மகன், பட்டு வேட்டியில். எங்கள் காலனி ஜனம் நடுவில் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது.

டோலக்காரர் வேகமாகத் தொடங்கினார். அண்ணி அவரைப் பார்த்துக் கையை அசைத்து நிறுத்தினாள். பிறகு மெதுவாக, ஒப்பாரி போல இழுத்து, மூத்த மகன் முகத்தைப் பார்த்தே பாடினாள்.

முழங்காலுத் தண்ணியில முங்கிப் போவானா

அக்காவும் நானும் வாய் திறப்பதற்குள், கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இல்லடி இல்ல" என்று வந்தது. முதலில் இரண்டு மூன்று குரல். அடுத்த வரிக்கு எல்லாப் பெண்களும். மூத்த மகன் எழுந்தான். "நிறுத்துங்கடா அத!" என்றான். யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். மைக் செத்த பிறகும் அண்ணி நிறுத்தவில்லை. அவள் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. முழுப் பாட்டையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுததைப் பார்த்தேன். வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து, எழுப்ப முடியாதபடி அழுதாள்.

மைக்செட்காரரின் குழாய்களை அன்றே நசுக்கிப் போட்டார்கள். எங்கள் கூரையில் கல் விழுந்தது. அண்ணனை யார் என்ன செய்தார்கள் என்று அதற்குப் பிறகும் எந்த அதிகாரியும் வந்து கேட்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எங்களுக்கு யாரும் வேலை கொடுக்கத் துணியவில்லை. அக்காவின் வீட்டுக்காரருக்கு வேதாரண்யத்தில் சொந்தம் இருந்தது. சித்திரை பிறந்ததும் எல்லோருமாக உப்பளத்துக்கு வந்து சேர்ந்தோம்.

உப்பளத்தில் பாட்டு கிடையாது. வெயில் கண்ணைக் குத்தும், வாயைத் திறந்தால் காற்றில் உப்பு. குதிகால் வெடித்துப் புண் ஆறாது. எனக்குக் கொஞ்சம் படிப்பு இருந்ததால் பின்னால் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்துத் தப்பித்தேன். அண்ணி உப்பு வாரும் பலகையோடு பாத்தியிலேயே இருந்துவிட்டாள்.

சில வருஷம் கழித்து மைக்செட்காரர் எங்களைத் தேடிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். தலை நரைத்திருந்தது. இன்னொரு கேசட் போடலாம் என்று தஞ்சாவூர்க்காரர் கேட்டாராம். அண்ணி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட வேற பாட்டு இல்லண்ணே."

அவர் வற்புறுத்தவில்லை. சொல்லாமல் போக முடியாதவர் போலச் சொன்னார். பண்ணையாரின் மூத்த மகன் ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டான். தேர்தலில் நிற்கிறான். அவன் ஓட்டுக் கேட்கிற ஜீப்பில் அந்த மெட்டைத்தான் போடுகிறார்கள்.

அண்ணி கேட்டாள். "என்ன வார்த்தை போட்டுருக்காங்க?"

"எல்லாத்தையும் மாத்திட்டாங்கம்மா. சின்னத்தோட பேரு வருது. கடேசில 'இல்லடி இல்ல'ங்குற எடத்துல 'ஆமடி ஆமா'ன்னு வருது."

அண்ணி குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றி அவருக்குக் கொடுத்தாள். "சாப்பிட்டுத்தான் போவணும்" என்றாள். மீன் குழம்பு இருந்தது. அவர் சாப்பிட்டுவிட்டு நாகப்பட்டினம் பஸ்ஸுக்குப் போனார். அண்ணி மறுபடி பாத்தியில் இறங்கினாள்.

அவன் ஜெயித்துவிட்டான்.