தனி ரூம் உள்ளவருக்கு மட்டும் வரும் நோய்

வெள்ளைக்காரன் போன புதிதில், ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். ஆண்மைக் குறைவு என்று யார் வந்தாலும், அவர் சீமைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்பார்: "சம்சாரத்தோட தனி ரூம்ல இருக்கும்போதும் இப்படித்தானா?"

ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் கடுப்பாகிவிட்டார். "தனி ரூமா? அம்மா, தம்பி, அவன் பொண்டாட்டி, புள்ளைங்க அல்லாரும் ஒரே ரூம்ல படுத்துகினு கீறோம் சார்."

"அப்ப இது நோயே இல்லை, போய் வா" என்று அனுப்பிவிட்டார் டாக்டர். எல்லோருக்கும் இதே தீர்ப்புதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப, தனி ரூம் இருக்கிறவருக்குத்தான் இந்த நோய் வருமா சார்?"

"புத்தகம் அப்படித்தான் சொல்லுது."

அந்தத் தெருவிலேயே தனி ரூம் இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான். அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.