கரடிக்கு ஒரு கைத்துவக்கு

போன வருடம் நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினியில் தொடங்கி பின்வளவில் முடிந்த கதை இது. ஃபாரஸ்ட் கேட் என்று பெயரில்தான் காடு. நரியைத் தவிர வேறு மிருகம் இந்தப் பக்கம் தலைகாட்டாது, அதுவும் குப்பைத் தொட்டியைக் கிளறத்தான் வரும். அப்படிப்பட்ட இடத்தில், கரடி வந்தால் சுடுவதற்கு எந்தத் துவக்கு நல்லது என்று குடும்பமாக இருந்து யோசித்தோம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். மருத்துவம் படி, கணக்கியல் படி என்று நான் தலையால் அடித்துக்கொள்ள, போய் மீனைப் படித்தவள். இப்போது அலாஸ்காவில் சால்மன் மீன்களை ஆராய்கிற வேலை. ஆற்றங்கரைக் காட்டுக்குள் வாரக்கணக்கில் கூடாரம் அடித்து இருக்கவேண்டும். மீன் இருக்கிற இடத்தில் கரடியும் இருக்கும் என்று அவள் சேர்ந்தபோது யாரும் எனக்குச் சொல்லவில்லை. லீவில் வந்தவள், அந்தக் கோடையில் ஒரு கரடி கூடாரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் வந்து நின்று நெடுநேரம் தன்னையே பார்த்துவிட்டுப் போனது என்று, பஸ் தவறிப்போனதைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கரடியை விரட்டும் ஸ்பிரே எப்போதும் கையில் இருக்கிறதாம். இனிமேல் கைத்துவக்கும் வைத்திருக்கலாமாம். பயிற்சி ஏற்கெனவே கொடுத்துவிட்டார்களாம், துவக்கையும் வேலையிடமே வாங்கித் தருமாம். எது வேண்டும் என்பதை மட்டும் அவள் திரும்பிப் போனதும் சொல்லவேண்டும்.

சேலைக் கடைக்காரர் சேலை விரிப்பதுபோல லாப்டொப்பில் படம் படமாக விரித்தாள். அவளோடு வேலை செய்கிற ஆண்கள் எல்லோரும் பெரிய ரிவோல்வருக்குத்தான் வாக்களித்தார்களாம். ஒரு வெடியிலேயே கரடி விழும், ஆனால் பாரம் கூட, உதைப்பும் கூட. மற்றது பிஸ்டல். அதில் குண்டுகள் கூட, உதைப்புக் குறைவு, ஆனால் ஒவ்வொரு வெடியின் பலமும் குறைவு. எனக்கு ரிவோல்வர்தான் பிடித்தது. பிள்ளையைக் காப்பாற்றுகிற சாமானில் என்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பேக்கரி ஒன்றில் வேலை, சத்தமில்லாத மனிதர். நாங்கள் லண்டனில் சந்தித்துக் கலியாணம் கட்டியவர்கள். எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்த வழியால் வந்தாய், எந்த நாட்டில் எத்தனை மாதம் தங்கினாய், ஏஜென்ட் எப்படி ஏமாற்றினான் என்றெல்லாம் தாராளமாகக் கேட்பார்கள். வெளிக்கிடமுன் ஊரில் என்ன செய்தாய் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். என் அம்மாவும் கலியாணப் பேச்சின்போது, “நல்ல பெடியன் பிள்ளை, ஒண்டையும் கிண்டிக் கேளாதை” என்றுதான் தொலைபேசியில் சொன்னார். நானும் கேட்கவில்லை. ஆனால் கேட்காத கேள்விக்கு மனம் சும்மா இருக்குமா? கதவுக்கு முதுகு காட்டி அவர் இருக்கமாட்டார். வெடி கொளுத்தும் நவம்பர் இரவுகளில் மாடிப்படியில் போய் இருப்பார். பனி கொட்டினாலும் கைகளைப் பொக்கெற்றுக்குள் வைக்கமாட்டார். விரல் நீலமாகப் போனாலும் வெளியில்தான் தொங்கும். கையுறை வாங்கிக் கொடுத்துக் களைத்துப்போய், வைரமோதிரம் காட்டுகிறீர்களோ என்று நக்கலடிப்பேன். உள்ளுக்குள் மட்டும், இவர் துவக்குப் பிடித்தவர் என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

அன்று அவர் தேத்தண்ணியோடு எங்களுக்குப் பின்னால் வந்து நின்று படங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பெரிசு எண்டு எடுக்காதை பிள்ளை. கைக்கு அடங்காத துவக்கு கரடியிலும் பொல்லாதது.”

மகள் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையுறை போட்டால் விசைக்குள் விரல் போகுமா, முதல் வெடி தவறினால் அந்த உதைப்பிலிருந்து கை திரும்பிக் கீழே வர எவ்வளவு நேரம் எடுக்கும், நடுங்குகிற கை எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தவரும் இதையேதான் சொன்னார் என்று மகள் ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள். இத்தனை வருடம் எனக்குப் பக்கத்தில் படுத்தவர், பாண் மாவைப் பற்றிப் பேசுவதுபோல இதைப் பேசிக்கொண்டிருந்தார்.

“இருந்து யோசிச்சு வேலையில்லை, வா” என்று பின்வளவுக்குக் கூப்பிட்டார்.

முதுகுப்பையின் பட்டி இடுப்பைச் சுற்றி வருவதால், அங்கே துவக்கை நெஞ்சில்தான் கட்டுவார்களாம். என்னுடைய பழைய தோல்பை ஒன்றை அவள் நெஞ்சில் குறுக்காகக் கட்டினோம். உள்ளே வைக்க, ரிவோல்வரின் பாரத்துக்குக் கிட்ட என்ன இருக்கிறது? என் பித்தளை இடியப்ப உரல். பிடியும் இருக்கிறது, தூக்கிப் பார்த்தால் பாரமும் அவள் சொன்ன மாதிரித்தான். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலால் பார்த்தால் பொலிசுக்குப் போன் அடிக்கப்போகிறாள் என்றேன். உரலைக் கண்டு பயந்து பொலிஸ் வந்தால் இடியப்பம் அவித்துக் கொடுப்போம் என்றாள் மகள். அதுதான் அன்று நாங்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு.

மணி மூன்றுதான் இருக்கும். ஆனால் கிட்ட இருக்கிற பெரிய புல்வெளிப் பக்கமிருந்து பனிப்புகார் இறங்கி, வளவின் கடைசியில் இருக்கிற கொட்டிலைக்கூட மறைத்துவிட்டது. உடுப்புக் காயப்போடும் கம்பம் ஒன்றுதான் தெரிந்தது. அவர் தன் ஜம்பரைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, புகாருக்குள் நடந்துபோய் மறைந்தார். நான் கரடி, என்னைக் கண்டவுடனை நீ துவக்கை எடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

காத்திருந்தோம். எப்போதும் குரைக்கிற அடுத்த வீட்டு நாய்கூடச் சத்தம் போடவில்லை. நான் அவருடைய ஜம்பரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். திடீரென்று கம்பத்துக்குப் பக்கத்தில் அவர் இருந்தார். ஓடி வந்த காலடி கேட்கவே இல்லை. மகளின் கை பையின் சிப்பைத் தொடமுன் அவளுடைய தோளைத் தொட்டுவிட்டார்.

“கரடி கத்திக்கொண்டு வாறேல்லை” என்றார். திரும்பவும் புகாருக்குள் போனார்.

அடுத்த முறை அவள் சிப்பைத் திறந்துவிட்டாள், உரல் பையில் சிக்கியது. அதற்கடுத்த முறை எடுத்துவிட்டாள், ஆனால் பாரத்தில் கை கீழே போனது. ஒவ்வொரு முறையும் அவர் வேறு வேறு பக்கத்திலிருந்து வந்தார். என் மகளின் முகம் வெளிறிப்போயிருந்தது. எனக்கு என் புருஷனைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்த நடை எங்கே பழகியது, எந்த இருட்டில், யாரைத் தேடிப் போய்ப் பழகியது என்று மனம் கண்டபடி ஓடியது.

கடைசி முறை மகள் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் புகாரிலிருந்து வெளியில் வந்த கணமே உரலை இரண்டு கையாலும் நேராக அவருடைய நெஞ்சுக்கு நீட்டினாள். கெட்டிக்காரி என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

அவர் அப்படியே நின்றார். பிறகு இரண்டு கைகளும் தாமாக மேலே போயின. விரல்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பிடரியில் வைத்தார். ஈரப் புல்லில் முழந்தாளிட்டார். அவர் மாதா கோயில் பூசையில் முழந்தாளிடுவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இது அந்த முழந்தாள் இல்லை. கண் உரலைப் பார்க்கவில்லை, உரலைப் பிடித்திருந்த அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. உதடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கிட்டப் போனபிறகுதான் கேட்டது. சிங்களமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. “ஆட்டாதையுங்கோ, ஆட்டாதையுங்கோ” என்று ஒரு பெடியனின் குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மகள் உரலைப் புல்லில் போட்டுவிட்டு அழுதாள். நான் ஓடிப்போய் ஜம்பரை அவர்மேல் போர்த்தினேன். கொஞ்ச நேரம் அவருக்கு எங்களைத் தெரியவில்லை. தெரிந்ததும் எழும்பி, முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டார். “தேத்தண்ணி ஆறியிருக்கும்” என்றார்.

அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். குசினியில் மூன்று பேரும் இருக்க, நீங்கள் துவக்கு வைத்திருந்தனீங்களோ என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நானோ? உமக்கு என்ன விசரே? என்ரை வாழ்க்கையிலை ஒருக்காலும் தொட்டதில்லை.”

பிறகு சொன்னார். பத்தொன்பது வயதில் ஒரு வீதியில் இவரையும் வேறு சிலரையும் மறித்து வரிசையாக முழந்தாளில் விட்டிருக்கிறார்கள். கைத்துவக்கோடு முன்னால் நின்றவனுக்கும் அவருடைய வயதுதான் இருக்குமாம். துவக்கு அவனுடைய கைக்குப் பெரிது, ஆகவே ஆடிக்கொண்டே இருந்ததாம். முகத்தைப் பார்க்கப் பயந்து, இவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தது, அன்று காலை இவருடைய சைக்கிளில் பின்னால் ஏறிவந்த சிநேகிதன். அடையாள அட்டையை எடுத்துக் காட்டினால் விடுவார்கள் என்று நினைத்து, அவன் பொக்கெற்றுக்குள் கைவிட்டான்.

“சுட நினைச்சுச் சுடேல்லை. கை நடுங்கி வெடிச்சது. உதைப்பிலை சுட்டவன்ரை கை மேலை போயிட்டுது. அது திரும்பி என்னட்டை வாறதுக்கிடையிலை ஆரோ பெரியவன் ஓடிவந்து பிடிச்சுட்டான். அந்தக் கொஞ்ச நேரத்தாலைதான் நான் உயிரோடை இருக்கிறன். அதுக்குப் பிறகு ஊரை விட்டு வெளிக்கிடும் வரைக்கும் காலடி கேளாமல்தான் நடந்தனான்.”

சுட்டவன் எந்தப் பக்கத்து ஆள் என்று மகள் கேட்டாள். துவக்கு வைத்திருந்த பக்கம் என்று மட்டும் சொன்னார். பிறகு ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்தார். நான் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொக்கெற்றுக்குள் போகாத கைகள். அவற்றில் யாருடைய இரத்தமோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் இவ்வளவு காலமும் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது.

மகள் சின்னப் பிஸ்டலையே எழுதிக் கொடுத்தாள். அது இதுவரை ஒருமுறையும் வெளியில் வரவில்லை, ஸ்பிரே போதுமாக இருக்கிறது என்கிறாள். தகப்பனும் மகளும் இப்போது வாராவாரம் வீடியோவில் கதைக்கிறார்கள். கரடி எப்படி நிற்கும், எப்படிப் பார்க்கும் என்று அவர் விசாரிக்கிறார். உரலில் நான் வழக்கம்போல இடியப்பம் பிழிகிறேன், அவர் அந்த நேரம் குசினிக்குள் வருவதில்லை.

குளிர்நாளில் பூசைக்கு நடந்துபோகும்போது, அவருடைய ஒரு கையைப் பிடித்து என் கோட் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொள்கிறேன். முதல்நாள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இப்போது சந்தி வரைக்கும் விட்டுவைக்கிறார். அந்தக் கை என் விரல்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும்போதெல்லாம், ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தால் இதை எத்தனையோ குளிர்காலங்களுக்கு முன்பே பிடித்திருக்கலாமே என்று நினைத்துக்கொள்கிறேன்.