திரை இருண்டதும் எழுந்து நின்றார்கள்

திண்டுக்கல்லில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தபோது நடந்தது. அதற்கு முன் லாரி கிளீனர், நூல் மில், பரோட்டாக் கடை என்று பல இடம் பார்த்துவிட்டேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி.

அந்த வாரம் ஒரு புதுப்படத்தின் நடுவில், படத்தை ஓட்டுகிற சர்வர் மெஷின் நின்றுபோனது. ஜனங்கள் சீட் மெத்தைகளைக் கிழித்துவிட்டார்கள். "ஏலே, இன்னொரு தடவ படம் நின்னா மூட்டையக் கட்டிக்க" என்றார் மேனேஜர். திரும்ப லாரிக்குப் போக உடம்பில் தெம்பில்லை.

அப்புறம்தான் வெளிநாட்டு ராக் இசைக்குழு ஒன்றின் கச்சேரிப் படம் வந்தது. பகல் காட்சி மட்டும். எந்தப் படத்தையும் முன்கூட்டிப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இடைவேளை எங்கே விடுவது என்று மட்டும் பார்த்துக்கொள்வோம்.

இடைவேளை முடிந்து ஒரு பாட்டு ஓடியது. பிறகு பாடகர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். திரை இருண்டது. சத்தமும் நின்றது. மறுபடியும் மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்தேன். சர்வர் ஓடுகிறதா என்றுகூடப் பார்க்காமல் ஆஃப் செய்து ஆன் செய்தேன். அது எழுந்து வர நேரமாகும். அதற்குள் கையில் காலில் விழுந்தாவது ஜனங்களை உட்காரவைக்கலாம் என்று கீழே ஓடினேன்.

கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். விசில் இல்லை, வசவு இல்லை. அத்தனை பேரும் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்து நின்றார்கள். மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

கதவோரம் ஒரு பெண். கழுத்தில் வேடசந்தூர் மில் அடையாள அட்டை. ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். மெஷின் கோளாறு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, செத்த நேரம் பேசாம நில்லுங்க. டிரம்ஸ் வாசிச்சவரு இறந்துட்டாரு. அவருக்காகத்தான் இது."

படத்திலேயே அப்படித்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கொஞ்ச நேர இருட்டை நான் இழுத்து நீட்டியிருக்கிறேன். அவர்களும் அவ்வளவு நேரமும் நின்றிருக்கிறார்கள்.

மேலே ஓடினேன். எந்த இடத்தில் நின்றது என்று தெரியாததால் ஒரு பாட்டு பின்னால் போய்ப் போட்டேன். கீழே கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அதே பாட்டு, அதே பேச்சு, மறுபடி இருட்டு. மறுபடியும் எல்லோரும் எழுந்தார்கள்.

அந்நேரம் பார்த்து மேனேஜர் மெஷின் ரூமுக்குள் வந்தார். "போச்சா?" என்றபடி சுவிட்சுக்குக் கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். முதலாளிக்கு அடுத்தபடியான ஆள். என்னை முறைத்தார்.

"ஹாலப் பாருங்கண்ணே."

ஹாலைப் பார்க்கச் சுவரில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். இருட்டு முடியும்வரை நிமிரவில்லை. திரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் நான் கையை விட்டேன்.

"இம்புட்டு வருசத்துல இப்படிப் பாத்ததில்லடா" என்றார் மெதுவாக. மூட்டையைப் பற்றிப் பேசாமலே இறங்கிப் போனார்.

மெஷின் ரூமுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். திரை இருண்டால் சுவிட்சுக்குப் போகாதே. முதலில் கண்ணாடி வழியாக ஜனங்களைப் பார்.