அம்மாவின் கைக் காந்தல்

அந்த வருஷம் சம்பா அறுவடைக்கு எங்கள் தெரு ஆட்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கு மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். அவர்களை வரப்பில் மறித்தவர்களில் அப்பாவும் ஒருவர். போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனவர் மாதக்கணக்கில் திரும்பவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு எட்டு மாதம்.

அம்மா திருவாரூர் கடைத்தெருவில் ஒரு மிளகாய் மண்டிக்கு வேலைக்குப் போனாள். காய்ந்த மிளகாய் மலையாகக் குவிந்திருக்கும். காம்பு கிள்ளி, உடைந்ததைத் தனியே பொறுக்க வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் அவள் வாசலில் கால் வைத்ததுமே தம்பி தாவினான். வாரியெடுத்து மூக்கைத் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான், அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீறிட்டான். தெருவே கூடிவிட்டது. வழியில் வாய்க்காலில் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தாள், பாவம். பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தாள். புளி கரைத்துத் தேய்த்தாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். காந்தல் போகவில்லை.

அதற்குப் பிறகு அவனை அவள் கையால் தொடவே இல்லை. பால் கொடுக்கும்போது சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். நான்தான் அவனைத் தூக்கி அவள் மார்போடு பிடித்திருப்பேன். அவன் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்து விளையாடுவான். அவள் குனிந்து அவன் உச்சந்தலையை முகர்ந்துகொள்வாள்.

சித்திரையில் அவனுக்கு வாந்தியும் பேதியுமாக ஆனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அவன் என் மடியில்தான் கிடந்தான். அம்மா முந்தானையில் கைகளைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் அவன் தலை என் முழங்கையிலிருந்து சரிந்தது. எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"இனிமே அவனுக்கு எரியாதுல்ல. குடு."

அப்பா திரும்பி வந்தார். நான் மறுபடி பள்ளிக்கூடம் போய், ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியிலும் சேர்ந்தேன். ஒருநாள் வேதியியல் வகுப்பில் பேராசிரியை ஒரு மிளகாயை நீளவாக்கில் கீறிக் காட்டினார். காரம் விதையில் இல்லை, விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் ஊறுகிறது என்றார். காரம் ஒரு சுவையே இல்லையாம். சூட்டை உணரும் நரம்பைப் போய்த் தூண்டுகிறது, நெருப்பு பட்டுவிட்டதென்று உடம்பு நம்பிவிடுகிறது. அந்தப் பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் தம்பி இருந்த நாளிலேயே எங்கள் வீட்டு மாடத்தில் இருந்தது. அம்மாவிடம் இதை ஒருநாளும் சொல்வதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

வருஷங்கள் கழித்து என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு மத்தியானம் மோர் மிளகாய் போடப் பச்சை மிளகாயைக் கீறிக்கொண்டிருந்தேன். உள்ளே தூளியில் குழந்தை அழுதது. அம்மா பக்கத்தில் இருந்ததால் எண்ணெயைத் தொடாமல் அவசரமாகக் குழாயடிக்கு ஓடினேன். அம்மா எண்ணெய்ப் பாட்டிலோடு பின்னாலேயே வந்தாள்.

"தண்ணி ஊத்தாத. மொதல்ல எண்ணெயத் தேயி, அப்பறம் சோப்பு போடு."

என் கையை இழுத்து விரல் விரலாகத் தேய்த்துவிட்டாள்.

"ஒனக்கு இது எப்பம்மா தெரியும்?"

"அவன் போன மறுவாரமே. மண்டியில பக்கத்துல ஒக்காந்திருந்தவ சொன்னா."

தேய்த்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பாவிடம்கூட இதை அவள் சொன்னதில்லை. நான் அழ ஆரம்பித்ததும், குழந்தை கத்துது, சீக்கிரம் கையைக் கழுவிவிட்டுப் போ என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டு, மீதி மிளகாயைக் கீற உட்கார்ந்தாள்.