வைத்தியத்துக்கு நெல்லை, உறக்கத்துக்கு மாஞ்சோலை

1998 ஜனவரியில் நான் திருநெல்வேலிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. மணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. கருமுட்டை வளர்வதற்கான ஊசியை அன்று தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இதே காரணத்துக்காகப் பயணம் போகிறவர்களுக்கு இது உதவலாம். மற்றது என்னோடு இருக்கட்டும்.

சேரன்மகாதேவியில் மாமியார் வீட்டிலிருந்து காலை 7.10 பஸ். திருநெல்வேலி ஜங்ஷனுக்கு இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், நான்கரை ரூபாய். இருபுறமும் பிசானப் பருவத்து நெல் பால் பிடித்து நின்றது. கண்டக்டர் என் கணவரிடம், "அண்ணாச்சி, பைக்கும் சீட்டா? மடியில வையும் வே" என்றார்.

பையை நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே, யாருக்கும் தெரியாமல் இரண்டு மாதமாக நான் விழுங்கிவந்த மெலடோனின் என்ற உறக்க ஹார்மோன் மாத்திரைக் குப்பி இருந்தது. சொன்னால் ஊசி தள்ளிப்போகும் என்று பயம்.

ஆஸ்பத்திரியில், "வேற மாத்திரை எதும் சாப்பிடுதியாம்மா?" என்றார் மருத்துவர். ஐம்பது வயதுப் பெண்மணி. முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். பொய் வரவில்லை. குப்பியை மேசையில் வைத்தேன்.

"எப்ப இருந்துடி இது?" என்றார் கணவர்.

"யாரு குடுத்தா?" என்றார் மருத்துவர்.

"அமெரிக்காவுல இருக்க மதினி. முட்டைக்கு நல்லதுன்னாங்க."

"டாக்டரா?"

"கணக்கு டீச்சர்."

"அப்ப எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு, விளக்கினார். "வாழக்காய அரிஞ்சா கறுக்காம இருக்க மோர்த்தண்ணில போடுதோம்லா? முட்டை முதிர்ந்து வெடிக்கையில அதச் சுத்தி ஆக்ஸிஜனால அப்படியொரு கெடுதல் வரும். முட்டையச் சுத்தியிருக்க நீர்ல இந்த ஹார்மோன் இருக்கு. கெடுதலத் தடுக்கும்னு ஆராய்ச்சில சொல்லுதாங்க. ஆனா மாத்திரையாத் தின்னா பலன் உண்டான்னு இன்னும் தெரியாது. அளவு கூடுனா முட்டை வெடிக்கிறதே நின்னுருமோன்னும் சந்தேகம் இருக்கு. நிறுத்து. ஊசி அடுத்த மாசம் பாப்போம்."

எனக்கு அழுகை வந்தது. "உன் மூளையே இருட்டுல இத சும்மா சுரக்கும்மா. லைட்ட அணைச்சிட்டு உறங்கு" என்றார். நடுராத்திரி வரை டியூப்லைட்டின் கீழ் படிக்கிறவள் நான்.

மறுநாள் மாஞ்சோலைக்குப் போனோம். மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். மேலே மலைப்பாதை இருபது கிலோமீட்டர். பஸ் ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. தேயிலைச் சரிவுகளை கண் கொட்டாமல் பார்த்தேன். கணவரின் நண்பர் வீட்டில் மூன்று நாள், எட்டு மணிக்கே உறக்கம். புத்தகம் கொண்டுபோகவில்லை.

போகிறவர்களுக்கு: கம்பளி அவசியம். கடைசி பஸ் நேரத்தைக் கீழேயே கேட்டுவிடுங்கள். மருத்துவரிடம் பழைய ஸ்கேன்களோடு, வெட்கப்படாமல், விழுங்கும் எல்லாவற்றையும் காட்டுங்கள்.

பிப்ரவரியில் ஊசி தொடங்கியது. முதல் இரண்டு மாதம் ஏமாற்றம். மூன்றாவதில் கரு தங்கியது. இருட்டில் உறங்கியதற்கு அதில் பங்குண்டா என்று கேட்டேன். மருத்துவர் ஸ்கேனை இன்னொரு தடவை பார்த்தார்.

"ஆமான்னு சொல்ல எனக்கும் ஆசையாத்தான் இருக்கும்மா" என்றார்.