அத்தைக்கு வாசித்துக் காட்டிய நேரசூசி

எழுதிப் பழக்கமில்லை, மறதியும் அதிகம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மருமகள் தன் நேரசூசியைச் சுவரில் ஒட்டிவிட்டு வாய்விட்டு வாசித்தாள். எனக்கு என் சின்ன வயது நேரசூசி ஞாபகம் வந்தது.

அம்மா செத்த பிறகு மாத்தளையில் அத்தை வீட்டில் வளர்ந்தேன். மாமா எனக்கென்று ஒரு நேரசூசி எழுதி, கராம்பு வாசம் அடிக்கும் சமையலறையில் ஒட்டியிருந்தார். ஐந்து மணிக்குத் தண்ணீர் எடுக்க, ஆறு மணிக்கு வீடு கூட்ட, எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம், மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை கராம்புக் காம்பு கிள்ள. அத்தைக்கு எழுத்துத் தெரியாது. தினமும் காலையில் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஒருநாள், "சாயந்தரம் அஞ்சு மணிக்கு விளையாட்டு" என்று இல்லாததையும் சேர்த்து வாசித்தேன். அத்தை நம்பிவிட்டார். நான்கு நாள் விளையாடினேன். ஐந்தாம் நாள் மாமா பார்த்துவிட்டார்.

"வேலை நேரத்துல இவ என்னா ஆடுறா?"

"நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க!" என்றார் அத்தை.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"நாலெழுத்துப் படிச்ச திமிருல என்னையே முட்டாளாக்கிட்டியாடி?"

பேனையை என் கையில் கொடுத்து, பள்ளிக்கூட வரியை என்னையே வெட்டச் சொன்னார். வெட்டினேன். சரியான வரியைத்தான் வெட்டினேனா என்று மாமாவைக் கூப்பிட்டுப் பார்க்கவும் சொன்னார்.

கேட்பவர்களிடம் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன் என்றே சொல்லி வந்திருக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றேனோ என்று இப்போது சந்தேகம். அத்தையின் மகள் உக்குவளையில்தான் இருக்கிறாள். யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.